பெட்ரோல் போக

என் கணவர் ஜெய்னுலாபுதீன் சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு மொத்தத் துணிக்கடையில் வேலை பார்த்தார். 1996-இல் லீவில் வந்தபோது இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. முத்துப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அது மூன்றாவது கார். முதல் இரண்டும் சபுராளி வீட்டுக் கார்கள்தாம். வெளிநாட்டில் பிழைப்பவனை எங்கள் பக்கம் சபுராளி என்பார்கள். பன்னிரண்டு வருஷம் சபுரில் இருந்தும் வாசலில் கார் இல்லையென்றால் அவன் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்பார்கள்.

“வாங்குறதுதான்டா செலவு. அப்புறம் பெட்ரோல்தானே?” என்றார் அவர் அண்ணன் மீரா உசேன். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்கும் அந்தக் கணக்குச் சரியாகத்தான் பட்டது. லீவு முடிந்து அதே காரில் திருச்சி விமான நிலையத்துக்குப் போனார்.

அதன்பிறகு கார் ஊருக்கு உரியதாயிற்று. பிரசவம், பெண் பார்க்கப் போவது, நாகூர் தர்கா, விமான நிலையத்தில் ஆள் ஏற்றுவது. கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: பெட்ரோல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம். இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. காக்கா வீட்டுக்கு மட்டும் வாரத்தில் மூன்று நாள் போகும். அவர் பெட்ரோலையும் சில சமயம் மறந்துவிடுவார்.

டயரை யாரும் போட்டதில்லை. பேட்டரி, இன்சூரன்ஸ், டிரைவர் துரைராசுவின் மாதச் சம்பளம் ஆயிரத்து இருநூறு, பிறகு ஆயிரத்து எண்ணூறு. உப்புக்காற்றில் அடித்தகடு அரித்து இரண்டு முறை வெல்டிங். துரைராசு ஒருநாள் பில்லை நீட்டிக்கொண்டே சொன்னான்: “இது நிக்கிறப்பவும் திங்குதும்மா. எங்க வூட்டு மாடு தேவல. அது பாலாவது குடுக்கும்.”

வீட்டுச் செலவு போக மாதம் நாலாயிரம் ரூபாயைத் தபால் ஆபீசில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் என் கணவர். ஐம்பது வயதுக்குமேல் அங்கே நிற்க மாட்டேன், அந்தப் பணத்தில் திருத்துறைப்பூண்டியில் ஒரு துணிக்கடை வைத்துவிட்டு உன்னோடு இருப்பேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். நாலாயிரமும் காருக்கே போயிற்று. அதை நான் எழுதவில்லை. சபுரில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி எழுதக் கூடாது என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனியாகக் கிடப்பவன், மனம் ஒடிந்துவிடுவான். என் உம்மா மௌத்தாகி அடக்கியதைக்கூட அவருக்கு அடுத்த லீவில்தான் சொன்னேன். பணம் போனதை லீவிலும் சொல்லவில்லை, அவரும் பாஸ்புக்கைக் கேட்கவில்லை. ஏழு வருஷம் ஒவ்வொரு கடிதத்திலும் “இங்கு யாவரும் நலம், காரும் நலம்” என்று எழுதினேன். எனக்கு நல்ல கையெழுத்து.

2003-இல் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு ஐம்பத்தொன்று. நாலாம் நாள் கடை பேசி முன்பணம் கொடுக்கக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டு பாஸ்புக்கைக் கேட்டார். அதில் பதினோராயிரம் இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. பில்களைக் கொண்டுவரச் சொன்னார். நான் சாக்குப்பையோடு கொண்டுபோய் வைத்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர் சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

“வாங்குனது ரெண்டு லட்சம். ஓட்டுனது மூணரை. இப்ப வித்தா அறுவதாயிரம் வரும். என் சம்பளத்துக்கு ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆகுது, ஹமீதா. ரெண்டரை வருஷம் நான் இந்த வண்டிக்குத்தான் அங்க நின்னுருக்கேன். மூணு லீவுலயும் சேத்து நான் அதுல ஏறுனது நாப்பத்தொரு நாள்.”

நான் பில்களைத் திரும்பச் சாக்குப்பையில் போட்டுக் கட்டினேன்.

“ஏன் எழுதல?”

“சபுர்ல இருக்குறவங்களுக்கு எப்புடி மச்சான் எழுதுறது?”

“நான் மௌத்தானாலும், எனக்கே நலம்னுதான் எழுதுவியா?”

என் கணவர் என்னிடம் சொன்ன கடுஞ்சொல் அது ஒன்றுதான். அதற்கு நான் தகுதியானவள்.

காரை விற்றுவிடலாம் என்றார். காக்கா விடவில்லை. எங்கள் மகள் அனீஸாவுக்கு அதிராம்பட்டினத்தில் சம்பந்தம் பேசியிருந்தோம். வாசலில் காரைப் பார்த்துத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள், விற்றால் சபுராளி ஓட்டாண்டியாகிவிட்டான் என்று திரும்பிப் போவார்கள் என்றார். அது உண்மைதான். அதனால் கடைக்கும் கல்யாணத்துக்கும் சம்பாதிக்க என் கணவர் இரண்டு வருஷ விசாவுக்குப் பணம் கட்டினார். இந்த முறை கடையில் நிற்கும் வேலை இல்லை, கிடங்கில் துணி மூட்டை இறக்கும் வேலை. திருச்சிக்குப் போகும் வழியெல்லாம் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே நடவு நட்ட வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டாம் நாள் என்றார். சிரிக்கத்தான் சொன்னார்.

பதினான்காம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கிடங்கிலேயே மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கினார்கள். அறையில் கூட இருந்தவர் அவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டைகளுக்கு அடியில் எட்டு மாதத்து மருந்துச் சீட்டுகள் இருந்தன, எல்லாம் நெஞ்சுவலிக்கு. அந்த எட்டு மாதமும் போனில் நலம் என்றுதான் சொன்னார். சொல்லிக்கொடுத்தவள் நான்.

இத்தா இருந்தேன். கணவன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முகம் பார்க்காமல் உள்ளறையில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் காக்கா வந்து திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தம்பிக்காகக் கொஞ்சம் அழுதார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“நீ இத்தா முடிக்கிற வரைக்கும் வண்டி சும்மாதானே நிக்கும். சாவியக் குடு, கடைக்கு எடுத்துக்கறேன். பெட்ரோல் நான் போட்டுக்கறேன்.”

“பெட்ரோல் போக மாசம் நாலாயிரம் ஆகுது, காக்கா. அதையும் குடுத்துட்டு எடுத்துக்குங்க.”



“மௌத்தான வீட்ல வாடகை பேசுறியா?”

“வாடகை பேசாமத்தான் அவங்க மௌத்தானாங்க.”

நாற்காலி நகர்ந்தது. அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போவது கேட்டது. மறுநாள் பஜார் முழுக்க அந்தப் பேச்சு. பத்து நாள் கழித்து அதிராம்பட்டினத்திலிருந்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அனீஸா என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், “சாவியக் குடுத்திருந்தா என்னம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

துரைராசுவை வைத்து ஐம்பத்து நாலாயிரத்துக்குக் காரை விற்றேன். அவனுக்குத் தரவேண்டிய மூன்று மாதச் சம்பளம் போக மிச்சத்தில் தம்மாம் போய் அவரை அடக்கிய கபுரைப் பார்த்துவரலாம் என்று நினைத்தேன். என்னைப் போன்ற பெண்ணுக்குத் தனியாக விசா கிடைக்காது என்றார்கள். போனாலும் அங்கே கபுருக்குப் பெயர் எழுதி வைப்பதில்லையாம். எது அவருடையது என்று காட்ட ஆள் இல்லை.