ஏழடிக் கதவும் ஐந்தடித் தொட்டியும்

வண்டி வாங்கப் போகிறவர்கள் பையோடு போவார்கள், மச்சானோடு போவார்கள். கதவுக்காரி அக்கா ஏழடி மரக்கதவோடு போனாள். மூன்று தெருவுக்கு அதைத் தூக்கிக்கொண்டே நடந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் போனவர் அவள் வீட்டுக்காரர். சன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டதைச் சொல்லவா வேண்டும்?

காரணம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாற்பது கதவு செய்யும் வேலை அவள் பட்டறைக்கு வந்திருந்தது. வாடகை வண்டிக்காரன் முதல் நடையிலேயே கதவுகளைச் சாய்த்து அடுக்கி மூன்றின் மூலையைப் பெயர்த்துவிட்டான். இன்னொரு மூலை பெயர்ந்தால் வேலை வேறு பட்டறைக்குப் போகும் என்று ஆஸ்பத்திரியில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். இனி கதவு படுத்தபடி போகவேண்டும், வண்டியை அவளே ஓட்டவேண்டும். வாங்கப்போகும் வண்டியில் அது படுக்குமா என்று பார்க்கத்தான் கதவும் கூடவே கிளம்பியது.

ஷோரூமில் சேல்ஸ்மேன் பிக்கப் வண்டியின் சாவியை வீட்டுக்காரர் கையில் வைத்தான். "ஏறுங்க சார்."

"எனக்கு சைக்கிளே வராது தம்பி. ஓட்டப்போறது அவங்க."

"மேடமா?" அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை, அக்கா குள்ளம். "பெரிய வண்டி மேடம் இது."

"அதத்தான் தேடி வந்திருக்கேன்."

கதவைத் தூக்கினாள். அவன் குறுக்கே பாய்ந்தான். "டெஸ்ட் டிரைவுல சாமான் ஏத்தக்கூடாது மேடம், கீறிடும்!"

"சாமான் வண்டில சாமான் ஏத்துனா கீறுமா? அப்ப வேற என்னத்த ஏத்தறது, பூவா?"

கதவு காவலாளியோடு வாசலில் நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்தாள். பானெட்டுக்கு மேலே வானம் மட்டும் தெரிந்தது.

"ரோடு எங்கப்பா?"

"முன்னால கேமரா இருக்கு, திரையில தெரியும் மேடம். சீட்டுல குளுகுளுன்னு காத்து வரும், பாருங்க. பதினோரு ஸ்பீக்கர்!"

"பாட்டுக் கேக்கவா நான் கதவு செய்றேன்?"

மூன்று திருப்பம், திரும்பவும் அதே வாசல். அதற்கு மேல் போக அனுமதி இல்லையாம். வந்த கோபத்தில் அக்கா இறங்கி, இடுப்பிலிருந்து டேப்பை உருவிப் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியை அளந்தாள். ஐந்தடி. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். அதே ஐந்தடிதான்.

"முழு அளவு வண்டின்னு விளம்பரத்துல போட்டீங்களே, எது முழுசு?"

"உள்ள அஞ்சு பேர் கால நீட்டி உக்காரலாம் மேடம்."

"என் கதவுக்குக் கால் இல்லப்பா."

அவன் யோசித்தான். யோசிக்காமலே இருந்திருக்கலாம். "கதவ ரெண்டு துண்டா செஞ்சு, அங்க போய் ஒட்டிக்க முடியாதா மேடம்?"

வீட்டுக்காரர் அனுபவசாலி, இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஒட்டறதா? இருபத்திரெண்டு வருஷமா கதவு செய்றேன்! ஸ்ட்ரெச்சர் இடிச்சாலும் அசையாத கதவு அது. உன் வண்டி குட்டைங்கறதுக்காக என் கதவ நான் வெட்டணுமா? கேக்க உனக்குக் கூசல?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே உதிரி பாகங்களோடு ஒரு வண்டி உள்ளே வந்தது. மொட்டை முகம், பின்னால் நீளமாக, தட்டையாக இருந்தது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டுப் போய் அளந்தாள். எட்டடி.

"இது என்ன விலை?"

"அது விக்கறதுக்கில்ல மேடம். எங்க சாமான் கொண்டுவர்ற வண்டி."

"உங்க சாமானுக்கு இது, என் சாமானுக்கு அதுவா? நல்லா இருக்கே நியாயம்!"

மேனேஜர் ஓடி வந்தார். சத்தம் கேட்டு வாசலில் கூடிய கூட்டம் கலைந்தால் போதும் அவருக்கு. கதவை இந்த வண்டியிலேயே வீட்டில் இறக்கிவிடச் சொன்னார். கதவு சுகமாகப் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் அதற்குக் காவலாகப் பின்னால் ஏறினார், அக்கா முன்னால்.

"ஏண்ணே, இது இவங்க கம்பெனி வண்டிதானா?"

டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இல்லக்கா, எதிர்க்கடைல வாங்குனது. இந்த நீளம் இவங்ககிட்ட கிடையாது."

"வண்டிய அங்க விடுங்க."

"வீட்லதானே இறக்கச் சொன்னாரு..."

"கதவு அவருதா, என்னுதா?"