மூடினால் சிவப்பு, திறந்தால் பச்சை

என் நாத்தனார் கடையிலேயே படுத்துத் தூங்க ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. அவள் கேமரா பழுதுபார்ப்பவள். கல்யாண வீட்டில் படமெடுக்கிறவர்கள், பத்திரிகைக்காரர்கள், ஆசைப்பட்டு வாங்கிக் கீழே போட்டு உடைத்தவர்கள் என்று ஊரில் பாதிப் பேருடைய கேமரா அவள் அலமாரியில்தான் இருக்கும். ஒரு ராத்திரி எவனோ பின்ஜன்னல் வழியாகப் புகுந்து, ஒரு தட்டு லென்ஸ்களை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளே அவள் ஒரு தலையணையோடு கடைக்குக் குடிவந்துவிட்டாள். வீட்டில் புருஷனும் சின்ன மகளும் தனியாக.

"என் பொருள் போனா போகட்டும் அண்ணி. அது அடுத்தவங்க என்னை நம்பிக் கொடுத்தது. இன்னொரு தடவை போச்சுன்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கடையைத் திறப்பேன்?" என்பாள். எதிர்ப்புற டீக்கடைக்குப் போய் வருவதற்குள் பூட்டை இழுத்துப் பார்க்க இரண்டு முறை திரும்பி வருவாள். தெருவைக் கடக்கும்போது முகம் முன்னால் இருக்காது, கடைப்பக்கமே திரும்பியிருக்கும்.

கடையில் அலாரம் இல்லாமல் இல்லை. யாரோ ஒருவன் வந்து மாட்டிக் கொடுத்தது இருந்தது. திருட்டு நடந்த ராத்திரி அது மூச்சுக்கூட விடவில்லை. விடியும்வரை பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பிழைப்பே இதுதான், நானும் என் வீட்டுக்காரரும் அலாரம் மாட்டுகிறவர்கள். ஜன்னலிலிருந்து அலாரம் பெட்டிக்கு வரும் வயரின் கடைசி முனையில், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, போட வேண்டும். பெட்டி எந்நேரமும் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் திறந்தாலோ, நடுவழியில் எவனாவது வயரைச் சுரண்டி உள்ளே ஓடும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கினாலோ, ரெசிஸ்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. உடனே அலறும். முன்பு வந்த மகானுபாவன் ஏணி ஏறச் சோம்பல்பட்டு எல்லா ரெசிஸ்டரையும் பெட்டிக்குள்ளேயே செருகிவிட்டுப் போயிருந்தான். திருடன் வெளிச்சுவரில் ஓடிய வயரை முறுக்கினான். பெட்டியோ தன் மடியில் இருந்த ரெசிஸ்டரைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று உட்கார்ந்திருந்தது. நினைக்கும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

முதல் அலாரம் மாட்டும்போதே ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, சொந்தத்தில் வேலை கொடுத்தால் சண்டை வரும் என்று பயந்தாளாம். அவள் பயந்தது சரிதான். சண்டை வந்தது. ஆனால் அவளோடு இல்லை, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்.

நாங்கள் புது அலாரம் மாட்டப் போன அன்று காலை அவர் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு நாற்பது வயதாகிறது, இன்னும் அவருக்குப் பாப்பாதான். "கவலைப்படாத பாப்பா, வயரிங் பூரா நான் பாத்துக்கறேன். உங்க அண்ணி பெட்டியை மாட்டி ஸ்க்ரூ முறுக்குவா, அவ்வளவுதான்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பெட்டிக்கான பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ முறுக்குகிறவளாம்! ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். எங்கள் வீட்டில் நான் கத்தினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், வாயை மூடினால்தான் கதிகலங்கும். ஆனால் அன்று அவரும் ஏட்டிக்குப் போட்டியாக வாயை மூடிக்கொண்டார். கடை வரும்வரை வண்டியில் இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் வேலையில் வாய்தான் முக்கியமான கருவி. அவர் கதவு, ஜன்னல் என்று வயரின் கடைசியில் இருப்பார். நான் பெட்டியின் முன்னால் இருப்பேன். முதலில் பெட்டி நல்லபடி இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வயருக்கும் உரிய இடத்தில் ஒரு சோதனை ரெசிஸ்டரை மாட்டி வைப்பேன். அவர் அந்தப் பக்கம் முடித்துவிட்டு "ஒண்ணு!" என்று குரல் கொடுப்பார். நான் என் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அவர் வயரைப் பூட்டி "ஆச்சு!" என்பேன். பிறகு "ரெண்டு!" "ஆச்சு!" நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் எங்களுக்குக் கேட்கும். தெருவுக்கும் கேட்கும். "உங்க ரெண்டு பேருக்கும் போன்னு ஒண்ணு கண்டுபிடிச்ச விஷயமே தெரியாதா?" என்று நாத்தனார் கிண்டல் செய்வாள்.

அன்று குரல் இல்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த சுவரில் மட்டம் பார்த்துக் குறி போட்டேன். துளையிட்டேன். இரும்புப் பெட்டியை நிறுத்தி, உள்ளே சர்க்யூட் பலகையைப் பொருத்தி, சோதனை ரெசிஸ்டர்களை மாட்டினேன். சுவர் ஓட்டை வழியாக வயர் தலையை நீட்டும். அதில் "ஒன்று" என்று எழுதிய ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். நான் வாங்கிப் பூட்டுவேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு வரும். சும்மா சொல்லக்கூடாது, கோபத்திலும் மனிதர் வயரின் தோலை ஒரு கீறல் இல்லாமல் உரித்திருந்தார். நானும் ஒரு இழைகூட வெளியே பிரியாமல் பூட்டினேன். கோபம் வேறு, வேலை வேறு.

எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போயே நாத்தனாருக்குக் கால் ஓய்ந்தது.

"அண்ணா, அண்ணி நீளமான ஸ்க்ரூடிரைவர் கேக்கறாங்க."

"ஏன், அவங்க வாய்க்கு என்னாச்சு?"

"அண்ணி, அண்ணா கேக்கறாரு..."

"எனக்குக் காது நல்லாவே கேக்குதும்மா" என்றேன்.

வேலை முடியும் நேரத்தில் அவள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து போன் செய்தாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. "அம்மா, இன்னைக்கு வீட்டுக்கு வருவியா?"

"அத்தை மாட்டற பெட்டி ஒழுங்கா வேலை செஞ்சா வருவேன்டா கண்ணு."

"செய்யலன்னா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஒரு குழந்தை ராத்திரி அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்குவது என் கையில் வந்து நிற்கிறது.

பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டு, எல்லாக் கதவு ஜன்னல்களையும் மூடச் சொல்லி, மின்சாரத்தைக் கொடுத்தேன். ரகசிய எண் அழுத்தும் பலகையில் நான்கு சின்ன விளக்குகள். பின்கதவு, பின்ஜன்னல், கழிவறை ஜன்னல், முன்கதவு. எல்லாம் மூடியிருக்கின்றன, நான்கும் பச்சையாக வந்திருக்க வேண்டும். நான்கும் சிவப்பு.

நாத்தனார் கிட்டப் போய் விளக்குகளைப் பார்த்தாள். "பழசு பச்சையா பொய் சொல்லுச்சு. இது சிவப்பா பொய் சொல்லுதா அண்ணி?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த தலையணையைப் போய் எடுத்தாள், தட்டிச் சரிசெய்தாள், அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னல் பக்கம் மனிதர் எதையோ சொதப்பி வைத்திருக்கிறார் என்று என் மனம் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தப் பக்கம் அவர் ஏணியை நகர்த்திய சத்தத்தைக் கேட்டால், பெட்டிக்குள் நான்தான் சொதப்பினேன் என்று அவரும் எழுதி முடித்திருந்தது தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் உர்ரென்று நின்றோம். வாய் திறந்து கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. கேட்டால்தானே!

நாத்தனார் எழுந்து, டீ குடித்த தம்ளரைக் கழுவி ஊற்றப் பின்கதவைத் திறந்தாள். முதல் விளக்கு பச்சையானது. கதவை மூடினாள், சிவப்பானது.

"இரு இரு, மறுபடி திற."

திறந்தாள். பச்சை.

"மூடு."

சிவப்பு. மூடினால் திறந்திருக்கிறது என்கிறது, திறந்தால் மூடியிருக்கிறது என்கிறது. இப்படி ஒரு குட்டிக்கரணத்தை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் முழித்துக்கொண்டு நின்றேன். பிறகு புரிந்தது. காது சூடானது.

மூடியைத் திறந்து பார்த்தேன். நான்கு சோதனை ரெசிஸ்டர்களும் அவருடைய வயர்களுக்குப் பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. கதவு மூடியிருந்தால் அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று, ஆக இரண்டு. பெட்டிக்குக் கணக்கு உதைக்கிறது, சிவப்பைக் காட்டுகிறது. கதவைத் திறந்தால் அவருடையது விலகிவிடும், என்னுடையது மட்டும் மிஞ்சும். ஒன்றைத் தேடிய பெட்டிக்கு ஒன்று கிடைத்த சந்தோஷம். "ஒண்ணு!" என்ற குரலைக் கேட்டால்தான் என் கை அந்த ரெசிஸ்டரைக் கழற்றும். பல வருடப் பழக்கம். அன்று குரல் வரவில்லை, கையும் கழற்றவில்லை.

சத்தமில்லாமல் நான்கையும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தது. ஏன் இருக்காது? ஸ்க்ரூ முறுக்குகிறவள் என்று பெயர் வாங்கிய அன்றைக்கே பெட்டிக்குள் தப்புச் செய்துவிட்டு, அதைத் தண்டோரா போட வேண்டுமா? ஆனால் நாத்தனார் தலையணையை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒரு பச்சை விளக்கு அவளை ஏமாற்றியிருக்கிறது. என்ன ஏது என்று தெரியாமல் திடீரென்று இன்னொரு பச்சை வந்தால் அவள் எதை நம்பி வீட்டுக்குப் போவாள்?

"ஏங்க!" என்று கத்தினேன். காலையிலிருந்து முதல் வார்த்தை. "டெஸ்ட் ரெசிஸ்டர் நாலும் உள்ளயே இருக்கு. நான் கழட்டவே இல்ல!"

அவர் வந்து நின்றார். புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூள். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனி பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான் குரல் கொடுத்திருந்தா நீ கழட்டியிருப்ப. நான்தான் வீம்புக்குச் சும்மா இருந்துட்டேன்" என்றார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "பாப்பா, காலையில போன்ல சொன்னதெல்லாம் வாய்க்கொழுப்பு. அந்தப் பெட்டிக்குள்ள எது எங்க போகணும்னு எனக்கு இன்னும் பாதி தெரியாது."

"பாதியா? முக்கால்வாசி" என்றேன் நான். கோபம் போன இடம் தெரியவில்லை. மனசு அப்படியே லேசாகிவிட்டது.

நாத்தனாருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவளும் கைவேலைக்காரிதானே, சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவர் பின்பக்கம் போனார்.

"ஒண்ணு!"

"ஆச்சு!"

"ரெண்டு!"

"ஆச்சு!"

நாலாவது ஆவதற்குள் பக்கத்து மருந்துக் கடைக்காரர் முன்கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னங்க, ஏதாவது சண்டையா?"

"இல்லைங்க, இப்பத்தான் சமாதானம்" என்றாள் நாத்தனார்.

கதவுகளை மூடினோம். நான்கும் பச்சை. ஒவ்வொன்றாக அவளையே திறக்கச் சொன்னேன், ஒவ்வொன்றும் முறையாகச் சிவந்தது. அவள் முகம் தெளியவில்லை. "இது போதாது அண்ணி. அந்தத் திருடன் செஞ்சதை நான் செஞ்சு பாக்கணும்" என்றாள்.

புது வயர் குழாய்க்குள் சுவரோடு ஓடியது. பின்ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இணைப்புப் பெட்டி உண்டு. அவர் அதன் மூடியைக் கழற்றி, வயரின் இரண்டு கம்பிகளும் பூட்டியிருந்த இரண்டு ஸ்க்ரூக்களைக் காட்டினார். நான் அலாரத்தை உயிர்ப்பித்துவிட்டுத் தலையாட்டினேன். நாத்தனார் ஸ்க்ரூடிரைவரை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தொட்டாள்.

அப்பா, என்ன அலறல்! கட்டடமே கிடுகிடுத்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு அவள் துள்ளிக் குதித்தாள். நான் அணைத்த பிறகும் காதில் ரீங்காரம் போகவில்லை. பார்த்தால் கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"இன்னொரு தடவை" என்றாள்.

இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. மருந்துக் கடைக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அவருக்கென்ன, பஞ்சுக்கா பஞ்சம்.

பொழுது சாயும் நேரத்தில் ரகசிய எண்ணைப் போட எங்கள் இருவரையும் சுவர் பக்கம் திரும்பி நிற்க வைத்தாள். "அண்ணனா இருந்தாலும் ரகசியம் ரகசியம்தான்" என்றாள். பெட்டி கீச் கீச்சென்று அவசரப்படுத்த, மூவரும் வெளியே வந்தோம். கதவைப் பூட்டினாள். உள்ளே சத்தம் அடங்கியது.

"தலையணையைக் கொடு பாப்பா, வண்டியில கொண்டுபோய் விட்டுடறோம்" என்றார் அவர்.

"வேண்டாம் அண்ணா, பக்கம்தானே, நடந்து போறேன்." ஒரு கையில் போன். "கிளம்பிட்டேன்டா கண்ணு. ஆமா, தலையணையோடதான் வரேன்." மறு கக்கத்தில் தலையணை. பேசிக்கொண்டே நடந்தாள். டீக்கடையைத் தாண்டினாள், பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள். இப்போது திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றோம். தெருமுனையில் மறையும்வரை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பதிலாக நாங்கள் இரண்டு பேரும்தான் கடையை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினோம்.