ஓடை நண்டு

ஜெனீரா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படிகளில் ஏறும்போதே நண்டு ரசத்தின் மிளகு வாசம் வந்தது. அடுப்படிக்கு ஓடினாள்.

தோட்டத்து ஓடையில் பழைய பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கப் பதுளையிலிருந்து அனுப்பப்பட்டவள் அவள். மூன்று வாரத்துக்கு முன் தண்ணீரைச் சோதித்தாள். சுத்தமாக இருந்தது. லயத்தில் கேட்டவர்களிடம் அப்படியே சொல்லிவிட்டும் போனாள். சேறு, நத்தை, நண்டு மூன்றுக்குமான முடிவு இன்று காலையில்தான் வந்தது.

அடுப்படியில் விஜேந்திரன் நின்றான். அவன் மனைவி விஜயலெட்சுமி, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, இருமிக்கொண்டே கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தங்கச்சி, குடிக்காதீங்க!"

"என்னா மிஸ், சிறுத்தை வெரட்டுச்சா?" என்றான் விஜேந்திரன்.

"அந்த நண்டு ஓடையிலயா புடிச்சது?"

"பின்ன, பண்டாரவளை சந்தையிலயா? நெஞ்சுச் சளிக்கு இத விட்டா வேற என்னா இருக்கு?"

"அதுல நஞ்சு இருக்கு அண்ணே."

"தண்ணி சுத்தம்னு நீங்கதானே சொன்னீங்க? அத நம்பித்தான் நான் ஓடையில எறங்குனேன்."

"தண்ணி சுத்தந்தான். அந்த மருந்து தண்ணியில நிக்காது, சேத்துல ஒட்டிக்கும். சேத்த நத்தை திங்கும், நத்தைய நண்டு திங்கும். ஒவ்வொரு வயித்துலயும் கூடிக்கிட்டே போகும். கொதிக்க வச்சாலும் போகாது."

"ஒரு கோப்பையில செத்தா போயிருவா?"

"ஒரு கோப்பையில இல்ல. எத்தன நாளா குடுக்குறீங்க?"

விஜயலெட்சுமி சொன்னாள்: "மூணு வாரமா. ஒருநாள் விட்டு ஒருநாள்."

ஓடையில் எது எதைத் தின்னும் என்று ஜெனீரா ஒரு படம் போட்டு வைத்திருந்தாள். நண்டுக்கு மேலே கொக்கு. கொக்கோடு கோடு முடிந்தது. லயத்தில் நண்டு தின்பார்களா என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

"தப்பு என்னோடது," என்றாள்.

விஜேந்திரன் துணியைப் பிடித்துச் சட்டியைத் தூக்கினான். வாசலில் கொட்டப் போனான். நாலு கோழிகள் ஓடிவந்தன.

"ஐயோ, கோழி!" விஜயலெட்சுமி கத்தினாள். "அதுங்க முட்டையத்தானே எனக்கு அவிச்சுத் தாறீங்க!"

அவன் கழிவுநீர் ஓடும் கானுக்குத் திரும்பினான். கான் நேரே ஓடைக்குத்தான் போகிறது. அப்படியே நின்றான். சூடு துணியைத் தாண்டிக் கையைச் சுட்டது.

"அப்ப இத எங்கதான் ஊத்துறது?"

ஜெனீரா பையிலிருந்து பெரிய போத்தலை எடுத்து மூடியைத் திறந்தாள். "இதுல ஊத்துங்க, நான் கொண்டுபோறேன். நாளைக்குக் காலையில தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். நானும் வாறேன்."

"புள்ளைக்கு ஒன்னும் ஆகாதே?"

"தெரியாது தங்கச்சி."

விஜயலெட்சுமி வயிற்றில் கை வைத்தபடி அவளை உற்றுப் பார்த்தாள்.

"இந்தத் தடவையாவது எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா மிஸ்?"