தாகமெடுக்க வந்தவர்

எங்கள் ஊர்க் கடலில்தான் மன்னிக்கப்பட்ட பாவங்கள் கிடக்கின்றன. ஆண்டவர் மன்னித்த பாவத்தைக் கடலின் ஆழத்தில் போட்டுவிடுகிறார் என்று எல்லாக் கோயில்களிலும் பிரசங்கம் வைக்கிறார்கள். எந்தக் கடல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சம்மனசுபட்டினத்தில் வலை போட்டுப் பிழைக்கிற எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மீனோடு மீனாக அவையும் வலையில் ஏறி வந்துவிடும். சாளை மாட்டுகிற நாளில் குறைவு, காரல் மாட்டுகிற நாளில் கூடுதல். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கைக்குள் அடங்குகிற அளவு, சாம்பல் நிறம், ஒரு பக்கம் மட்டும் சிப்பி வாயைத் திறந்த மாதிரி இருக்கும். கொலைக்கும் கோள் சொன்னதற்கும் ஒரே அளவுதான். கல்யாணமாகி இந்த ஊருக்குப் புதிதாக வருகிற பெண்கள் பெரியதாக ஒன்று கிடைக்குமா என்று கொஞ்ச நாள் தேடிப் பார்ப்பார்கள். நானும் தேடியிருக்கிறேன். அப்படி ஒன்று கிடையாது.

திறந்திருக்கிற பக்கத்தைக் காதில் வைத்தால் நடந்தது கேட்கும். நாங்கள் வைப்பதில்லை. நல்ல குணத்தினால் அல்ல, நேரம் இல்லாததால். ஊரார் பாவத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மீன் நாறிப்போகும். மீன் கூடைக்கு, குப்பை மணலுக்கு, பாவம் வாளிக்கு. வாளியில் கடல் தண்ணீரை ஊற்றி ஈரமாகவே வைத்திருந்து, மறுநாள் வள்ளம் போகும்போது கொண்டுபோய் ஆழத்தில் போட்டுவிடுவார்கள்.

காயவிடக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம். ஒருமுறை என் நாத்தனார் கவனமில்லாமல் ஒன்றைக் கருவாட்டோடு சேர்த்துக் காயப்போட்டுவிட்டாள். அது சந்தைக்குப் போய், விலையாகி, எவர் வீட்டிலோ குழம்பிலும் கொதித்துவிட்டது. சாப்பிட்டவர்கள் குடும்பத்தோடு கிளம்பி, முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் வரப்பை வெட்டினது நாங்கள்தான் என்று அழுதிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களும் காப்பி கொடுத்து மன்னித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாரமே அது எங்கள் வலையில் திரும்ப ஏறிவிட்டது. நாத்தனாரிடம் காட்டினேன். இனிமேல் பார்த்துச் செய்கிறேன் என்றாள்.

எமிமாள் அக்கா வந்தது ஒரு மதிய பஸ்ஸில். செம்மணல் தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் சுகந்தபுரத்துக்காரர். சி.எஸ்.ஐ. சபை, நாங்கள் ஆர்.சி. சேலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரு சுருக்கம் இருக்காது. என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். நான் மீன் பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றார்.

"இங்கதான் அந்தப் பாவமெல்லாம் வருதாம்மா?"

"வரும். என்ன வேணும்?"

"என்னுது ஒண்ணு வந்திருக்கான்னு பாக்கணும்."

கவிழ்த்துப் போட்டிருந்த கூடையைக் காட்டினேன். உட்கார்ந்து சொன்னார்.

"எம் பாவமெல்லாம் போயிட்டுன்னு எனக்குத் தெரியும். கூட்டத்துல எழுந்து சாட்சியும் சொல்லியிருக்கேன். இன்னைக்குக் கண்ண மூடுனாலும் நேரா பரலோகந்தான்னு தைரியமா சொல்லுவேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா இந்த ஒண்ணு மட்டும் போயிருக்குமான்னு சந்தேகம் வந்துருது."

அவருடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்திருக்கிறார். ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் கேட்டிருக்கிறார். காலையிலிருந்து ஏவின வேலையெல்லாம் செய்து அலுத்துப்போய், எமிமாள் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கூப்பிடட்டும், எழுந்து போவோம் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு தடவை கூப்பிடவில்லை. அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் முழங்கால் போட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டு வருகிறார்.

கடலில் கிடந்தால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். கிடக்காவிட்டால் இன்னும் அவரிடமே இருக்கிறது. கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தொம்மை ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்குக் கை வேகம். இரண்டே நாளில் என்னைவிட நன்றாக மீன் பிரித்தார். ஒவ்வொரு பாவத்தையும் எடுத்துக் காதில் வைப்பார், முகம் சுளிப்பார், உச்சுக் கொட்டுவார், வாளியில் போடுவார். ஒருமுறை, "இந்தக் குரல் எங்க ஊர்ல கேட்ட மாதிரி இருக்கே பிலோமி" என்று ஆரம்பித்தார். "இருக்கட்டும், வாளிக்குள்ள போடுங்க" என்றேன். கேட்டால் எனக்கும் ஆசை வந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் பிறந்தபோது ஒரு நாள் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தார். குலுக்கினார். திரும்ப வைத்தார்.

"இதுல ஒண்ணுமே இல்ல. கடல் இரைச்சல்தான் கேக்குது" என்று கீழே போட்டார்.

ஒன்றும் இல்லாத பாவம் எங்கள் வலையில் வந்ததே இல்லை. எடுத்து என் காதில் வைத்தேன். வயதான பெண்குரல் ஒன்று, தண்ணி, தண்ணி தாயேன் ளா என்றது. பிறகு யாரோ துணியை உதறி மடிக்கிற சத்தம்.

"அக்கா, இதுதான் உங்களுது."

அவர் பிடுங்கி மறுபடி காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அவருக்குக் கடல் மட்டும்தான் கேட்டது. செய்தவருக்குக் கேட்காது போலிருக்கிறது. அவரிடமிருந்துதானே எடுத்தாயிற்று, பிறகு எப்படிக் கேட்கும். இதை அவரிடம் சொன்னேன்.

"நீ என் மனசு ஆறட்டும்னு சொல்லுத."

"எனக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. வேணும்னா இவரக் கேளுங்க."

தொம்மை கேட்டுவிட்டு, ஆமாம், ஒரு கிழவி தண்ணீர் கேட்கிறாள் என்றார். பக்கத்து வள்ளத்துக்காரர்களும் வரிசையாக வந்து கேட்டுச் சொன்னார்கள். அக்கா எல்லார் முகத்தையும் பார்த்தார். "எனக்குக் கேக்கலியே" என்றார். ஊரே சொன்னாலும் தன் காது சொல்லவில்லை என்பது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமும் மணலில் முழங்கால் போட்டு அதே மன்னிப்பைக் கேட்டார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

விடிந்ததும் தொம்மை அதைக் கொண்டுபோய் ஆழத்தில் போட்டார். திரும்பி வரும்போது வள்ளத்தில், வலைமேல், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். சேலை நனையவில்லை.

"நடுக்கடல்ல ஏறுனாவ" என்றார் தொம்மை. "எமிமான்னு யாரும் உண்டான்னு கேட்டாவ. உண்டுன்னேன்."

கை கொடுத்து இறக்கிவிட்டேன். பாரமே இல்லை. அவர் மணலில் கால் வைத்ததும் எமிமாள் அக்கா கையிலிருந்த மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். அது அவருடைய மாமியார் பாக்கியக்கனி அம்மாள்.

"ஏளா எமிமா, சாயங்காலம் ஆனா ஏதோ ஒண்ணுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கியாமே. மேல எல்லாரும் தேடு தேடுன்னு தேடுதாவ. அப்படி ஒரு பாவம் எங்கயும் இல்ல. எதப் பத்திக் கேக்கான்னே தெரியல, நீ போயி விசாரிச்சிட்டு வான்னு என்னய அனுப்புனாவ."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்ததைக்கூட விடவில்லை. அந்த அம்மாள் கவனமாகக் கேட்டு, நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நெனவு வரலியே ளா. நீ எனக்குத் தல வாரிவிடுவ, அது நெனவு இருக்கு. முருங்கக்கீரய நார் எடுத்து அவிச்சுத் தருவ, அது நெனவு இருக்கு."

"தண்ணி கேட்டீங்க அத்த."

"கேட்டிருப்பேன். யாரு கண்டா."

அக்கா என் வீட்டுக்குள் ஓடிச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார். ஓடிவந்த வேகத்தில் பாதி சிந்தியிருந்தது.

"தாகம் எடுக்கலியே" என்றார் பாக்கியக்கனி அம்மாள். "அங்க யாருக்கும் தாகமே கிடையாது."

"சும்மா குடிங்க அத்த."

"தாகம் இல்லாம குடிச்சா அது நீ குடுத்ததா ஆவுமா?"

நியாயமான பேச்சுத்தான். ஆனால் அக்கா செம்பைப் பிடித்தபடி அழுதுவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கேட்டபோது கொடுத்தேன் என்று இருந்தால் போதும் அவருக்கு. மாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

"அழாத ளா. இரு, எடுக்குதான்னு பாப்போம்" என்று சொல்லி, சுடுமணலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

இரட்சிக்கப்பட்ட உடம்புக்குத் தாகம் லேசில் வராது. உச்சி வெயில் இறங்கி, சாயங்காலமாகியும் அவருக்கு நாக்கு ஈரமாகவே இருந்தது. செய்தி பரவி, ஊர் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் நாத்தனார் உப்புக் கருவாட்டைச் சுட்டுக் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் முள்ளை மட்டும் வைத்துவிட்டு அவ்வளவையும் சாப்பிட்டு, ருசியாக இருக்கிறது என்றார். ஊறுகாய் கொடுத்தோம், வறுகடலை கொடுத்தோம். எங்கள் கோயில் சாமியார் வந்து பார்த்துவிட்டு, நடந்தால் எடுக்கும் என்றார். கரையோரமாக நடத்திக் கூட்டிப்போனோம். எங்களுக்குத்தான் நா வறண்டது. பாட்டுப் பாடினால் தொண்டை காயும் என்று யாரோ சொல்ல, அவர் எங்கள் யாருக்கும் தெரியாத பாட்டாக ஒன்றை எடுத்து, மூச்சு வாங்காமல் அது முடிகிற வரைக்கும் பாடினார். குரல் இன்னும் கணீரென்று ஆகிவிட்டது. சி.எஸ்.ஐ.காரர்களைப் பாடச் சொன்னால் அப்படித்தான்.

எமிமாள் அக்கா செம்பும் கையுமாக அவர் பக்கத்திலேயே இருந்தார். தண்ணீர் வெதுவெதுப்பானால் கொட்டிவிட்டு வேறு மொண்டு வருவார். துணி எதையும் தொடவில்லை.

மறுநாளும் இதே கதையாக இருக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அக்கா, வாயத் திறந்து ரெண்டு வார்த்த பேசிக்கிட்டுதான் இருங்களேன். மாமியாரும் மருமவளும் இப்படியா உம்முன்னு இருப்பாவ" என்றேன்.

அப்போதுதான் அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அத்தை இறந்த அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று சொன்னார். "பெரியவன் வந்தானா?" என்று மூத்த மகனைப் பற்றிக் கேட்டார் மாமியார். வந்தார், ஆனால் சாப்பிடாமல் போய்விட்டார் என்றார் அக்கா. அவன் என்றைக்குத்தான் சாப்பிட்டான் என்று அந்த அம்மாள் தொடங்கினார். மேலே பாட்டுத்தான், சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச்சே கிடையாதாம். தேக்கிவைத்திருந்ததெல்லாம் வந்தது. பெரியவன் பெண் பார்க்கப் போன கதை, பசுமாடு கோயிலுக்குள் புகுந்த கதை, பாயாசத்தில் உப்பைப் போட்ட சம்பந்தி. அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே, நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை அத்தை, என் கல்யாணச் சேலையை மட்டமானது என்று ஊரெல்லாம் சொன்னவர்தானே என்றார். "மட்டந்தான் ளா" என்று மாமியாரும் சிரித்தார். நாங்கள் மீன் பிரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பேச்சின் நடுவில் பாக்கியக்கனி அம்மாள் நிறுத்தினார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"எமிமா, தண்ணி."

செம்பு அவர் கைக்குப் போனது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு வேகம். அந்த அம்மாள் அண்ணாந்து, மடக்கு மடக்கென்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வெறும் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். அக்கா இன்னும் கொஞ்சம் கொண்டுவரப் போனார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மணலில் இருவரும் சேர்ந்தே ஜெபம் பண்ணினார்கள். அக்கா மழைக்காகவும் பேரனுடைய பரீட்சைக்காகவும் கேட்டார். வேறெதையும் கேட்கவில்லை. விடிந்ததும் மாமியார் வள்ளத்தில் ஏறினார், மருமகள் பஸ்ஸில் ஏறினார். அக்காவுக்குக் கொஞ்சம் கருவாடு கட்டிக் கொடுத்தேன்.

பாக்கியக்கனி அம்மாள் மேலே போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் தொம்மையின் வள்ளத்தில் உட்கார இடமில்லை. எல்லாரும் வெள்ளை உடுப்பு, எல்லாரும் சந்தோஷமான முகம். ஒருவருக்குப் பசி எடுக்க வேண்டுமாம். ஒரு அம்மாளுக்குக் கால் வலிக்க வேண்டுமாம், மகள் பிடித்துவிட வருகிறாளாம். அவரை மணலில் நடக்கவிட்டிருக்கிறோம். தாத்தா ஒருவர் மட்டும் தனக்குக் குளிர வேண்டும் என்றார். எங்கள் ஊரில் மார்கழியிலும் விசிறிதான். கொஞ்ச நேரம் யோசித்தோம். பிறகு மீன் ஏற்றுமதிக்கு வைத்திருந்த பெரிய ஐஸ் பெட்டியில் பாறை மீனை ஒரு ஓரமாக ஒதுக்கி, அவரைப் படுக்கவைத்து, கழுத்துவரைக்கும் ஐஸைத் தள்ளிவிட்டோம். நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் குளிரவில்லை என்கிறார். மகன் போர்வையோடு மதிய பஸ்ஸில் வருகிறார்.