சாலையில் வந்து அமர்ந்த வீடு

டிரம்காரோ சாலையைப் பிரிட்டிஷ் படையினர் வெடி வைத்துப் பிளந்த மறுநாள் காலை, பிரீஜ் கில்லீஸின் வீடு மேட்டிலிருந்து இறங்கி வந்து அந்தப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்வாசல் வடக்கே, பிரிட்டன் ஆளும் ஃபெர்மனாவில்; பின்வாசல் தெற்கே, அயர்லாந்துக் குடியரசின் மோனகனில். அலமாரியில் ஒரு தட்டுகூட உடையவில்லை. பிரீஜ் கணவனை இழந்தவள், கணீர்க் குரல்காரி. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, இங்கே காற்று கொஞ்சம் ஈரம் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கோயில் தெற்கே, பால் பண்ணை வடக்கே. ஆயுதக் குழுக்கள் கடந்துவிடக் கூடாதென்று எல்லைச் சாலைகளை ஒவ்வொன்றாக உடைத்திருந்ததால் எல்லோரும் அவள் சமையலறை வழியாகவே போய்வரத் தொடங்கினோம். மாடுகள் வரிசையாகப் போயின. வைக்கோல் டிராக்டர் வந்தால் வாசல் தேவையான அளவு விரிந்து, பிறகு பழையபடி ஆயிற்று. கல்யாணப் பெண்கள் போனார்கள், சவப்பெட்டிகள் போயின. "கோட்டுப் பைக்குள்ள என்ன, கடத்தல் வெண்ணெயா? எனக்கு ஒரு துண்டு வெட்டி வச்சுட்டுப் போ," என்பாள் பிரீஜ்.

வராதவர் ஒருவர்தான், வடக்குப் பக்கத்து விவசாயி மெர்வின் ஆர்ம்ஸ்ட்ராங். புராட்டஸ்டன்ட். பிரிட்டிஷ் ராணியின் விசுவாசிகள் நடத்தும் ஜூலை ஊர்வலத்தில் ஆரஞ்சுப் பட்டை அணிந்து முன்வரிசையில் நடப்பவர். கத்தோலிக்கர் வீட்டுப் படி ஏறியதே இல்லை. தெற்கே வேலை இருந்தால் நெடுந்தூரம் சுற்றி, காவல் உள்ள கடவை வழியாகப் போவார். ஒரு பிப்ரவரியில் பனி விழுந்து அந்தக் கடவையும் மூடிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து அவர் மனைவி ஹேசலுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி இருந்ததோ தெற்கே. மெர்வின் மனைவியைத் தாங்கிக்கொண்டு பிரீஜின் முன்வாசலில் வந்து நின்றார்.

"நாங்க கும்பிடுற முறை வேற, மிஸஸ் கில்லீஸ்."

"அதைக் கேட்டுட்டா குழந்தை வருது? உள்ள வாய்யா!"

மருத்துவச்சி பின்வாசல் வழியாக வந்தாள். குழந்தை ரூத் அந்தச் சமையலறையிலேயே பிறந்தாள். இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், மெர்வின் மூன்று கோப்பை தேநீர் குடித்தார்.

ஏப்ரலில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி செங்கல் லாரியோடும் சிப்பாய்களோடும் வந்தார். பின்வாசலை அடைத்துவிட உத்தரவு. இரண்டு பக்கத்து ஆட்களும் திரண்டு நின்றோம். அப்போது மெர்வின், ஜூலை அல்லாத ஒரு மாதத்தில் முதன்முறையாக ஆரஞ்சுப் பட்டையை மாட்டிக்கொண்டு, குழந்தையோடு வந்து பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது.

"நீங்க நம்ம ஆளாச்சே சார்!"

"ராணியோட ஆளுதான், சாகுற வரைக்கும். அதுக்காக அயர்லாந்துக்காரன் இல்லேன்னு ஆயிடுமா? என் முப்பாட்டன் கிடக்கிறது இந்த மண்ணுல. என் மக பொறந்த வீடு இது. கல்லை எடுத்துக்கிட்டுப் போங்க."

"எங்க ஊர்க்காரன்டா!" என்று பிரீஜ்தான் முதலில் கத்தினாள்.

உத்தரவு உத்தரவுதான் என்று சிப்பாய்கள் செங்கல் அடுக்கினார்கள். வாசல், மெர்வினையும் நாற்காலியையும் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு, அதே சுவரில் சற்றுத் தள்ளிப்போனது. அங்கே அடுக்கினார்கள்; இன்னும் தள்ளிப்போனது. குழந்தை விழிக்கவில்லை. செங்கல் தீர்ந்ததும் அதிகாரி ஒரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பல வருஷம் கழித்துச் சமாதானம் வந்தது. பள்ளங்களை மூடினார்கள், காவல் கோபுரங்களை இறக்கினார்கள். வீடு மேட்டுக்குத் திரும்பவில்லை; புதுச் சாலையைத்தான் வளைத்துப் போட்டார்கள். பிரீஜ் இறந்தபோது பெட்டியின் முன்பக்கத்தை மெர்வின் சுமந்து, கத்தோலிக்கக் கோயிலுக்குள் நடந்து, பூசை முடியும்வரை நிமிர்ந்து நின்றார்.

வீடு இப்போது ரூத்திடம். இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கிறாள். இரண்டையும் வெளியே எடுத்துக் காட்டக் கூச்சப்படுவதில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய சமயம் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் வந்து, எல்லை சரியாக எங்கே போகிறது என்று கேட்டார்.

"சரியாச் சொல்ல முடியாதுங்க. போன வாரம் வீடு இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கு," என்றாள் ரூத்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் மாடுகள் காத்துக்கொண்டிருந்தன. ஒதுங்கி வழிவிட்டார்.