வாய்க்கட்டு

திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் வியாபாரி கட்டிய மூட்டையை அப்படியே தோளில் ஏற்றுகிற சுமைகாரன் கிடையாது. தளர்ந்த மூட்டை நடுவழியில் சரிந்தால் முறிவது அவன் கழுத்துதான். அதனால் வாயை அவிழ்த்து, நன்றாகக் குலுக்கி, சணலை இறுக்கித் தன் கட்டைப் போட்டபிறகே குனிவான். உள்ளே என்ன கிடக்கிறதென்று பார்ப்பதில்லை.

சோலைமலை அப்படித் தூக்கிய ஒரு மூட்டையில், வெங்காயத்துக்கு அடியில் வெளிநாட்டு முத்திரை குத்திய தங்க பிஸ்கட் இருந்தது. லாரி செட்டில் கஸ்டம்ஸ்காரர்கள் மறித்தபோது மூட்டைக்குச் சொந்தக்காரன் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

"இந்தக் கட்டு யார் போட்டது?" என்றார் அதிகாரி.

"நாந்தாங்கய்யா. இம்புட்டு இறுக்கமா வேற எவன் போடுவான்?" என்றான் சோலைமலை, கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பேச்சே அவனுக்கு வினையாயிற்று. வாயைத் திறந்து கட்டியவனுக்கு உள்ளே இருந்தது தெரியாதா என்று கேட்டு, மதுரைக் கோர்ட்டில் மூன்று வருஷம் போட்டார்கள். அப்பீல் செய்து ஜாமீனில் வந்தான். பேட்டையில் யாரும் அவனுக்குச் சுமை கொடுக்கவில்லை. செங்கல் காளவாசலுக்குப் போனான்.

அப்பீலை நடத்திய வக்கீல் சகாயசெல்வி, புதுச்சாட்சி ஒன்றை விசாரிக்க மேல்கோர்ட்டில் அனுமதி வாங்கினார்.

"திறந்து கட்டுறது உங்க தொழில் வழக்கம்னு கூட வேல பாத்தவர் வந்து சொல்லணும். அது நின்னா தப்பிச்சீங்க. இல்லேன்னா அன்னைக்கே உள்ள போகணும்."

பழைய கூட்டாளி சேவியர் வருகிறேன் என்றான். விசாரணை நாளில், விடிந்ததும் மனைவி மாயக்காளோடு அவனைக் கூப்பிடப் பேட்டைக்குப் போனான் சோலைமலை. மூட்டைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லா வாயிலும் வியாபாரி போட்ட கட்டு.

"ஏலே சேவியரு, என்னலே இது? ஒருத்தனும் கட்டு மாத்தலையா?"

"உங்களப் புடிச்சதுல இருந்து யாரும் மாத்துறதில்லண்ணே."

பேச்சிமுத்து என்கிற சுமைகாரன், கழுத்தில் பச்சிலைப் பத்தோடு சிரித்தான். "கழுத்து சுளுக்குனா பத்துப் போடலாம் அப்பு. ஜெயிலுக்கு எதப் போடுறது?"

மூவரும் மதுரை பஸ் ஏறினார்கள்.

"முன்னால அப்படித்தான் செஞ்சோம்னு சொல்லுலே, போதும்" என்றான் சோலைமலை.

"சொல்றேண்ணே. இப்ப என்ன செய்றேன்னு கேட்டா?"

சோலைமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூண்டில் சேவியர் நன்றாகத்தான் சொன்னான். பிறகு கஸ்டம்ஸ் வக்கீல் எழுந்தார். அவருக்குப் பின்னால், அன்று மறித்த அதே அதிகாரி உட்கார்ந்து சேவியரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து தூக்கின மூட்டையில எத்தனைக்குக் கட்டு மாத்தினே?"

சேவியரின் கண் அந்த அதிகாரி மேல் போயிற்று. மாற்றினேன் என்றால், நாளைக்கு அவன் மூட்டையையும் அவர்கள் பிரிப்பார்கள்.

"ஒண்ணுக்கும் இல்லைங்கய்யா."

"மத்தவங்க?"

"யாரும் இல்லைங்க. பயந்துபோயி விட்டுட்டோம்."

நீதிபதி நிமிர்ந்தார். "தப்பில்லாத வேலைன்னா எதுக்குய்யா பயந்தீங்க?"

சேவியர் சோலைமலையைப் பார்த்தான். சகாயசெல்வி எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பு என்றார்.

மாயக்காள் வெளியே வேப்பமரத்தடியில் சோற்றுத்தூக்கோடு காத்திருந்தாள். அவளிடம் போக எழுந்தான் சோலைமலை. வாசலில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார்.

"எங்கயும் போக வேணாம். இங்கனயே உக்காரு."