எர்மானோவின் செரிமான நேரம்

சனிக்கிழமை காலை ரெக்கோ ஸ்டேஷனில் இறங்கியதும் எர்மானோ கடல் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. ரொட்டிக் கடை எங்கே என்றுதான் தேடினான்.

காரணம் இருந்தது. போன மாதம் டுரினில், நண்பன் துல்லியோ வீட்டு விருந்தில், எதிர் நாற்காலியில் ஓர்னெல்லா உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே இருந்தாலே எர்மானோவின் நாக்கு சொன்ன பேச்சு கேட்காது. கல்லூரி நாட்களில் நீச்சல் போட்டிகளுக்குப் போனதை அவள் சொல்லிக்கொண்டிருக்க, இவன் சும்மா இருக்கக் கூடாதா? "நான் கமோலி வளைகுடாவில இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கே நீந்தியிருக்கேன்" என்று அளந்துவிட்டான். பனிமலை அடிவாரத்தில் பிறந்தவன் அவன். இடுப்பளவு இறங்கிய ஒரே தண்ணீர், மாடுகள் குடிக்கும் தொட்டி.

"அப்போ கமோலிக்கே போயிடுவோம்!" என்று துல்லியோ மேசையைத் தட்டினான். அவன் மனைவி பியேரா அங்கேயே ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். இதோ, கமோலிக்கு முந்தின ஊரான ரெக்கோவில் நால்வரும் வந்து இறங்கியாயிற்று. புளுகன் என்று தெரிந்துவிட்டால் ஓர்னெல்லா அதற்குப் பிறகு திரும்பியாவது பார்ப்பாளா? அதை நினைத்து நினைத்தே அவனுக்குத் தூக்கம் போயிருந்தது.

நல்லவேளை, நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் கடலில் இறங்கினால் ஆள் காலி. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம்தான், ஆனால் இத்தாலியில் இதைச் சொல்லாமல் பிள்ளை வளர்த்த தாய் கிடையாது. டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. மந்திரிசபைகள் மாதத்துக்கு ஒன்று கவிழட்டும், இது கவிழாது. வாய் ஓய்ந்தால்தானே அந்த மூன்று மணி நேரம் ஓட ஆரம்பிக்கும் என்று எர்மானோ கணக்குப் போட்டான்.

பாலாடைக்கட்டி உருகி வழியும் ஃபொகாச்சா ரொட்டியை இரண்டு பெரிய துண்டாக வாங்கிக்கொண்டு கடற்கரைக் கூழாங்கல்லில் உட்கார்ந்தான்.

"வாடா, தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு!" என்று துல்லியோ சட்டையைக் கழற்றினான்.

"இப்பத்தான்டா சாப்பிட்டேன்" என்று எர்மானோ சோகமாக வயிற்றைத் தடவினான்.

"ஐயோ, அவனைக் கூப்பிடாதீங்க! செரிக்கட்டும்" என்று பியேரா பதறினாள்.

துல்லியோவும் பியேராவும் இறங்கிவிட்டார்கள். ஓர்னெல்லா மட்டும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு வாய் குடு" என்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டாள். வேவு பார்க்கிறாளோ என்று எர்மானோவுக்கு வியர்த்தது. வாய் நிறைய இருந்ததால் பேச்சுக் கொடுக்கவும் முடியவில்லை.

மதியம் காகிதப் பொட்டலத்தில் பொரித்த நெத்திலி. சாயங்காலம் கமோலியில் ரம் ஊற்றிய கிரீம் பன், அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஓர்னெல்லா பக்கத்தில் உட்கார்ந்து பங்கு கேட்டாள். இரவு படுக்கும்போது எர்மானோவின் வயிறு மத்தளமாகியிருந்தது. ஆனாலும் ஒரு நாள் தப்பித்தாயிற்று.

துல்லியோ சும்மா விடுகிற ஆளா? ஞாயிறு விடிந்ததும் ஒரு சின்ன மோட்டார் படகை வாடகைக்கு எடுத்துவிட்டான். "போட்ல சாப்பிட்டுக்கலாம், கிளம்பு" என்று வெறும் காபியோடு எல்லோரையும் கிளப்பினான். எர்மானோ ஓடிப்போய் ரொட்டி வாங்கிப் பையில் போட்டு வந்தான். பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டி வளைவில் நங்கூரம் போட்டபோது பையைத் தேடினால், காணோம்.

"துறைமுகத்துப் பூனைங்களுக்குப் போட்டுட்டேன்" என்று துல்லியோ பல்லைக் காட்டினான். "நேத்து ராத்திரிதான் கடைசியாத் தின்ன. இப்போ உன் வயிறு காலி. கமோலியைத் தாண்டின வீரா, குதி!"

சொல்லிவிட்டு அவன் குதித்தான். பியேராவும் குதித்தாள். படகு ஆடியது. எர்மானோ விளிம்பைப் பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரைப் பார்த்தான். அடி தெரியவில்லை. இனி ஒளிய இடமில்லை.

"ஓர்னெல்லா, எனக்கு நீந்தத் தெரியாது. நான் சொன்னது அத்தனையும் பொய்."

"தெரியுமே."

"எப்படி?"

"ரெக்கோவில ஒரு அலை உன் செருப்பை நனைச்சதுக்கே அலறிக்கிட்டு எழுந்து ஓடினியே."

அவமானத்தில் எர்மானோவுக்குக் காது சிவந்தது. அவள் சிரிக்கவில்லை, கோபமாக இருந்தாள்.

"நேத்து முழுக்க நான் தண்ணில இறங்கினேனா?"

"இல்ல."

"எனக்குப் பாலாடைக்கட்டி ஒத்துக்காது. நெத்திலி பிடிக்காது. ராத்திரி முழுக்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். எல்லாத்தையும் எதுக்குத் தின்னேன்?"

"பசிச்சிருக்கும்..." என்று எர்மானோ இழுத்தான்.

"மக்கு! கடலை இவ்வளவு பிடிச்சவ சும்மா கரையில உக்காந்தா, இவங்க ரெண்டு பேரும் ஏன்னு கேக்க மாட்டாங்களா? உன் பக்கத்துல உக்கார எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு? நீயோ மென்னுக்கிட்டே இருந்த, ஒரு வார்த்தை பேசல!"

எர்மானோவுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது, சந்தோஷத்தால்தான். ஒரு நாள் முழுக்க அதிர்ஷ்டத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாடு மாதிரி மென்றிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"டேய், வர்றியா, தள்ளி விடவா?" என்று துல்லியோ படகை நோக்கி நீந்தி வந்தான்.

ஓர்னெல்லா தன் கைப்பையைத் துழாவி, கசங்கிய காகிதத்திலிருந்து ஒரு காய்ந்த பிஸ்கட்டை எடுத்தாள். இரண்டாக உடைத்து ஒரு பாதியை எர்மானோவின் வாயில் திணித்தாள். மற்ற பாதியைத் தான் போட்டுக்கொண்டாள்.

"தள்ளாதே துல்லியோ!" என்று வாயில் பிஸ்கட்டோடு கத்தினாள். "நாங்க ரெண்டு பேரும் இப்பத்தான் சாப்பிட்டோம்! மூணு மணி நேரம் ஆகும், அந்தப் பாறைக்கு அப்பால போய் நீந்துங்க!"